பாகம் பிரிக்காத விற்பனை

ஒரு யந்திரத்தை வாங்குவதற்குப் பணம் போதும். அதைத் தன் ரசனைக்கேற்பத் திருத்தி அமைப்பதற்குக் கைத்திறனும் பொறுமையும் வேண்டும். ஆனால் திருத்தத் தொடங்கிய வேலை ஏதோ ஒரு காரணத்தால் நடுவில் நின்றுபோக, பாதி பூட்டிய நிலையில் கொட்டகையிலும் பாதி கழற்றிய நிலையில் சாக்கிலுமாகக் கிடக்கும் ஒன்றை இன்னொருவர் கையில் முறையாக ஒப்படைப்பதற்கு இவற்றைக் காட்டிலும் அருமையான ஒரு பண்பு வேண்டியிருக்கிறது. அந்தப் பண்பைப் பெரம்பலூரிலும் அரியலூரிலும் பழைய ஜப்பானிய டூ ஸ்ட்ரோக் வண்டிகளைப் போற்றி வைத்திருக்கும் ரசிகர்களிடம் நான் கண்டிருக்கிறேன். சங்கீதத்துக்கும் சிற்பத்துக்கும் ரசனைக் கட்டுரை எழுதுகிற நாட்டில் இதற்கும் ஒன்று எழுதத் தகும் என்பது என் அபிப்பிராயம்.

ஜப்பானிய வேக யந்திரம் என்றதும் உலகத்தில் பலருக்கும் ஞாபகம் வருவன நிஸான் ஸ்கைலைன், டொயோட்டா சுப்ரா, மாஸ்டா ஆர்எக்ஸ் 7 முதலான கார்கள். ஜப்பானில் ஓடிப் பழகிய கார்கள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தெருக்களை நிறைத்திருக்க, நம் நாட்டிலோ மூன்று ஆண்டுகளுக்கு மேல் பழகிய காரை இறக்குமதி செய்ய விதி இடம் கொடுப்பதில்லை. புதிய காருக்கு விதிக்கப்பட்ட சுங்க வரியும் பல்லாண்டுகளாகக் காரின் விலைக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருந்துவந்தது. திருவள்ளூரில் 1998 முதல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் உருவாக்கிய மிட்சுபிஷி லான்சர் போன்ற ஒன்றிரண்டு கார்களைத் தவிர, அந்த ரசனை நான்கு சக்கரத்தில் காலூன்ற நம் மண்ணில் இடம் கிடைக்கவில்லை. ஆகவே அது இரண்டு சக்கரத்தைத் தேடிக்கொண்டது.

1983-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் ஆர்டி 350 வண்டியை ராஜ்தூத் என்ற தன் பழைய பெயரோடு சேர்த்து வெளியிட்டது. இரண்டு சிலிண்டரும் ஆறு கியரும் கொண்ட அந்த வண்டி குடித்த பெட்ரோலை அந்நாளைய சம்சாரிகள் தாங்கவில்லை. 1984-ல் ஓசூரில் டிவிஎஸ் நிறுவனம் சுசுகியோடு கூடி 100 சிசி வண்டி ஒன்றைக் கொண்டுவந்தது. 1985-ன் இறுதியில் யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தது. 1996 மார்ச்சில் அதன் உற்பத்தி நின்றுவிட்ட பிறகும், வந்த வண்டிகளுள் இன்றைக்கும் பெயர் சொன்னமாத்திரத்தில் இளைஞர் முகம் மலர்வது அந்த ஒன்றுக்குத்தான். சிலிண்டரின் விட்டமும் பிஸ்டனின் வீச்சும் சரிசமமாக 50 மில்லிமீட்டர், கொள்ளளவு 98 சிசி, நிமிஷத்துக்கு 7500 சுழற்சியில் 11 குதிரைத்திறன், நான்கு கியர், எடையோ நூறு கிலோவைச் சற்றே தாண்டும். சக்திக்கும் எடைக்கும் உள்ள இந்தப் பொருத்தந்தான் அதன் கவர்ச்சிக்கு மூலம். பாடாலூரில் ஏறி, பெரம்பலூர் நான்கு ரோட்டைக் கடந்து, கிழக்கே திரும்பி, சிமெண்டு லாரிகளின் வரிசைக்கு நடுவே அரியலூரை நோக்கிப் போகிறவனுக்கு, முன்னே செல்லும் லாரியைத் தாண்டத் தேவையான அந்தச் சில விநாடி உத்வேகத்தை இதைப்போல உடனே எடுத்துக் கொடுத்த சிறு வண்டி அக்காலத்தில் வேறில்லை.

வண்டியின் எண்ணும் ரசிகனுக்கு ஒரு சரித்திரப் பாடம். பெரம்பலூர் மாவட்டம் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது 1995-ல். அரியலூரோ 2001-ல் தனி மாவட்டமாகி, மறு ஆண்டே மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் இரண்டாம் முறையாகப் பிரிந்தது. ஆர்எக்ஸ் 100-ன் ஆயுட்காலம் இந்தப் பிரிவினைகளுக்குப் பெரும்பாலும் முந்தியது. ஆதலால் இந்தப் பக்கத்தில் பரம்பரையாக ஒரே வீட்டில் இருந்துவரும் வண்டிகளில் திருச்சியின் டிஎன் 45-ஓ, அதற்கும் முற்பட்ட மூன்றெழுத்து வரிசையோ இருப்பதுதான் இயல்பு. டேங்கில் 100 என்று எழுதி, எண் பலகையில் அரியலூரின் டிஎன் 61 இருக்குமானால், வாங்க வந்தவன் சற்றே நிதானித்து ஆர்.சி. புத்தகத்தைக் கேட்க வேண்டும். மாவட்டம் பிறக்கும் முன்பே உற்பத்தி நின்றுவிட்ட வண்டி அல்லவா அது!

இனி வித்தைக்கு வருவோம். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் சிலிண்டர் சுவரிலேயே வாசல்கள் வெட்டப்பட்டிருக்கின்றன; பிஸ்டன் ஏறி இறங்கும்போது அவற்றைத் தானே திறந்து தானே மூடுகிறது. எரிந்த புகை வெளியேற ஒரு வாசல். கிராங்க் கேஸிலிருந்து புதிய கலவை மேலேறப் பக்கவாட்டில் சில வாசல்கள். உள்ளே வரும் வழியில் மூச்சுக்குத் தகத் திறந்து மூடும் மெல்லிய இதழ்கள் கொண்ட ரீட் வால்வு. இந்த வாசல்களின் உயரத்தையும் அகலத்தையும் விளிம்பின் சாய்வையும் அரத்தாலும் சிறு கிரைண்டராலும் திருத்துவதற்குத்தான் போர்ட்டிங் என்று பெயர். புகை வாசலின் மேல்விளிம்பை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் அது முன்னதாகத் திறந்து நெடுநேரம் திறந்திருக்கும். வண்டியின் வலு மேல் சுழற்சிக்கு ஏறிவிடும். கீழ்ச் சுழற்சியில் இருந்த இழுவை குறைந்துவிடும். அகலத்தை அளவுக்கு மீறிக் கூட்டினாலோ, பிஸ்டன் ரிங் வாசலுக்குள் பிதுங்கி விளிம்பில் மாட்டி ஒடியும். நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைகிறவர் துளையின் இடத்தை நூலளவு தவறவிட்டால் ஸ்வரம் பிசகுவதைப்போல, இங்கேயும் நூலளவு மிகையான அரம் வண்டியின் சுபாவத்தையே மாற்றிவிடுகிறது. எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க ஒருவராலும் ஆகாது.

இந்த வித்தையின் பூர்வீகம் ஜப்பான் என்று பலர் எண்ணுகிறார்கள். ஜப்பான் அதைப் பெற்றுக்கொண்ட கதை விசித்திரமானது. 1950-களில் கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் என்ற தொழிற்சாலையில் வால்டர் காடன் என்ற பொறியாளர், புகைக் குழாயின் வடிவத்தில் ஒரு பெரிய உண்மையைக் கண்டு பயன்படுத்தினார். விரிந்து பின் ஒடுங்கும் இரட்டைக் கூம்பாகக் குழாயை அமைத்தால், வெளியேறும் புகையின் அழுத்த அலை ஒடுங்கும் பகுதியில் மோதித் திரும்பிவந்து, புகையோடு சேர்ந்து வீணாக நழுவ இருந்த புதிய கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். புகை வாசலில் வால்வும் கேமும் இல்லாத இன்ஜினுக்கு வெறும் தகரக் கூம்பு செய்த உபகாரம் இது. அந்தத் தொழிற்சாலையின் பந்தய வீரரான எர்னஸ்ட் டெக்னர், பெர்லின் சுவர் எழுந்த அதே 1961-ல், ஸ்வீடன் பந்தயத்தின்போது மேற்கே தப்பி வந்து, அங்கே கற்ற ஞானத்தோடு சுசுகியில் சேர்ந்தார். மறு ஆண்டே சுசுகிக்காக 50 சிசி உலகப் பட்டத்தை வென்றார். காடனோ தம் தேசத்திலேயே இருந்துவிட்டார். பிறகு ஜப்பானியர் அந்த ஞானத்தைப் பயின்று, பெருக்கி, சாமானியன் ஏறும் வண்டியிலும் இறக்கி வைத்தார்கள். உடையார்பாளையத்திலோ செந்துறையிலோ ஒருவர் தகரத்தைச் சுருட்டிக் கூம்பாக்கிப் பற்றவைத்து ஆர்எக்ஸுக்குக் குழாய் செய்கிறபோது, அவருக்குத் தெரிந்தோ தெரியாமலோ, காடன் கண்ட வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறார்.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில் இந்த வேலைக்குக் கை கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்டு ஆலைகளும் லாரிகளும் கல்குவாரிகளும் நிறைந்த பூமி இது; லாரியின் பாகத்தையும் கிரஷரின் அச்சையும் கடைவதற்காகவே லேத் பட்டறைகள் ஊன்றிக்கொண்டன. அந்த லேத்துக்கு முன்னால் நிற்கும் முதிய கைகளுக்கு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு பழகிய அளவு. தேய்ந்த சிலிண்டரைக் கால் மில்லிமீட்டர் படியாக அகட்டி, அதற்குத் தக்க ஓவர்சைஸ் பிஸ்டனைப் பொருத்துவதை ‘போர் அடிப்பது’ என்பார்கள். போர் அடித்தபின் வாசல்களின் கூரான விளிம்பைச் சற்றே மழுக்கிவிடவேண்டும்; அந்தச் சின்ன வேலையைச் சொல்லாமலே செய்கிறவர் யார், மறந்துவிடுகிறவர் யார் என்பது ஊர் ரசிகர்களுக்கு மனப்பாடம். பெரம்பலூரை அடுத்த நாரணமங்கலத்தில் எம்ஆர்எஃப் டயர்த் தொழிற்சாலை இருக்கிறது என்பதையும் இவ்விடத்தில் சொல்லிக்கொள்ளலாம். பந்தய உலகில் பெயர் பெற்ற ஒரு சின்னத்தின் டயர் நம் சோளக் கொல்லைகளுக்கு அருகே உருவாகிறது என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

இந்தப் பூமிக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு: தூசி. சுண்ணாம்புத் தூசியும் சிமெண்டுத் தூசியும் சாலையெங்கும் படிகிற ஊரில் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, சத்தம் கணீரென்று கேட்கிறது என்று மகிழ்வது பெரும் பாதகம். டூ ஸ்ட்ரோக்கில் கலவை முதலில் கிராங்க் கேஸுக்குள் புகுந்துதான் மேலேறுகிறது. ஆகையால் ஃபில்டர் இல்லாமல் வரும் தூசி பிஸ்டனை மட்டுமன்றிக் கிராங்கின் பேரிங்கையும் அறுத்துவிடும். அரியலூர்ப் பக்கத்து வண்டியை விலைக்குப் பார்க்கிறவன், டேங்கின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

இப்படி ஆசையோடு தொடங்கிய வேலைகள் ஏன் பாதியில் நிற்கின்றன என்று கேட்டால், காரணங்கள் பெரும்பாலும் துக்ககரமானவை அல்ல. லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் முதலிய ஊர்களிலிருந்து கடல் கடந்து வேலைக்குப் போவது நெடுநாளைய வழக்கம். விசா வந்துவிட்டால் கிராங்க் வேலை காத்திருக்க வேண்டியதுதான். கல்யாணம், வீட்டு மராமத்து, மழை பொய்த்த வருஷம் என்று இன்னும் சில. அப்படி நின்றுபோன வேலையின் முழு உருவத்தையும் அந்தச் சாக்கில் காணலாம். விற்பவர் அதைத் தரையில் விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் வேளையில், ரசிகனின் உள்ளம் கச்சேரியில் ஆலாபனை கேட்பதுபோல விழித்துக்கொள்கிறது. எண்ணெய்த் துணியில் சுற்றிய, கம்பெனியிலிருந்து வந்த பழைய சிலிண்டர் (பிளாக்கு), இதழ் மடங்காத ரீட் வால்வு, கம்பெனிச் சைலென்சரும் அதன் உள்ளே செருகும் பேஃபிலும், சென்னை ஜி.பி. ரோட்டில் புதிதாக வாங்கி இன்னும் உறை பிரிக்காத கிளட்ச் பிளேட்டுகள். புதுப்பேட்டையில் தேடிப் பொறுக்கிய மீட்டர். கழற்றிய போல்ட்டுகள் எந்த இடத்துக்கு உரியவை என்று சீட்டு எழுதி, தனித்தனிப் பொட்டலமாகக் கட்டப்பட்டிருக்குமானால், வேலையைத் தொடங்கியவர் எப்படிப்பட்ட சிரத்தையுள்ளவர் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அதற்கு மாறாக, புதுச் சாமான் எல்லாம் இருந்து, கம்பெனிச் சாமான் ஒன்றுகூட இல்லையென்றால், அங்கே ஆசை இருந்ததேயன்றி மரியாதை இருக்கவில்லை.

நல்ல விற்பனை ஒன்றில் நடக்கும் சம்பாஷணையே ஒரு கலை. “போர்ட்டிங் எவ்வளவு பண்ணிருக்குண்ணே?” என்று வாங்க வந்தவன் கேட்கிறான். “எக்ஸாஸ்ட் மட்டும் ஒரு மில்லி ஏத்திருக்கு தம்பி. பக்கத்து போர்ட்ல கையே வைக்கல. அம்பது ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு ஓடுது. பழைய பிளாக்கு ஸ்டாண்டர்டு போர், சாக்குல இருக்கு, நீயே பாத்துக்க,” என்கிறார் விற்பவர். பிறகு அவராகவே, “கிராங்க்ல லேசா ஒரு சத்தம் வருது, அதை நான் இன்னும் பிரிச்சுப் பாக்கல,” என்றும் சேர்த்துக்கொள்கிறார். கேட்காத குறையைத் தாமே எடுத்துச் சொன்ன அந்த ஒரு வார்த்தையால் வண்டியின் விலை குறைந்துபோகும் என்று உலகியல் தெரிந்தவர்கள் நினைப்பார்கள். ஆனால் சிலிண்டருக்குள் எவ்வளவு உலோகம் எடுக்கப்பட்டது என்பதைக் கழற்றி அளந்தாலன்றி எவராலும் அறிய முடியாத ஒரு பொருளுக்கு, விற்பவரின் வாக்கு ஒன்றே அளவுகோல். அந்த வாக்கு நம்பத் தகுந்தது என்று தெரிந்தபின் வாங்குபவன் பேரத்தை வெகுவாகக் குறைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு மாற்றத்தைப் பற்றி மட்டும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆர்எக்ஸ் 100-ஐ அடுத்து வந்த ஆர்எக்ஸ் 135-ன் பிஸ்டன் வீச்சும் அதே 50 மில்லிமீட்டர். விட்டம் மட்டும் 58. ஆகவே கொள்ளளவு 132 சிசி. வீச்சு ஒன்றாயிருப்பதால் பெரிய பிளாக்கைச் சிறிய இன்ஜினில் ஏற்ற ஆசைப்படுகிறார்கள். ஏறவேண்டுமானால் கிராங்க் கேஸின் வாயை லேத்தில் அகட்டியாகவேண்டும். அந்தக் கிராங்க் கேஸில்தான் இன்ஜின் எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. பிளாக்கை மாற்றலாம், கார்பரேட்டரை மாற்றலாம், குழாயை மாற்றலாம், அவையெல்லாம் மீட்கக்கூடியவை. எண் பொறித்த பாகத்தில் கடைசல் கருவியை வைத்துவிட்டால் வண்டி தன் பிறப்பிலிருந்து நிரந்தரமாக விலகிவிடுகிறது. அப்புறம் வலு கூட்டியவர் பிரேக்கைக் கூட்டினாரா என்பது அடுத்த கேள்வி. முன்னும் பின்னும் டிரம் பிரேக்கோடு, 11 குதிரைத்திறனுக்கென்று கணக்கிட்டுச் செய்த வண்டி அது. வேகத்தை ஏற்றிவிட்டு நிறுத்தத்தை அப்படியே விட்டிருப்பவரின் ரசனையை நான் முழுமை பெற்றதாகக் கருதமாட்டேன்.

சட்டமும் இந்த வகையில் ரசிகனின் பக்கமே நிற்கிறது என்று சொன்னால் சிலருக்கு வியப்பாக இருக்கும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றோடு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிறுத்தி, சேசிஸ் எண்ணைச் சரிபார்க்கிற வேளையில், சாக்கில் கிடந்த அந்தப் பழைய பிளாக்கும் கம்பெனிச் சைலென்சரும்தான் வண்டியைக் கரை சேர்க்கின்றன. பந்தயத்துக்கென்றே திருத்திய யந்திரத்துக்கு உரிய இடம் வேறு. போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த சோழவரம் பந்தயங்களின் நாள்முதல், இன்று இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயிலும் நடக்கும் பந்தயங்கள்வரை, அந்தச் சத்தத்தை முழுக் குரலில் கேட்க நம் மாநிலத்தில் களங்கள் இருக்கின்றன.

இனி ஒரே ஒரு மனஸ்தாபத்தைச் சொல்லவேண்டும். நன்றாகப் புதுப்பித்த ஆர்எக்ஸ் 100-க்கு இன்று லட்சத்தைத் தாண்டி விலை பேசுகிறார்கள். ஆனால் பாதியில் நின்ற வண்டிக்கு அந்த மதிப்பில் சிறு பங்குகூடக் கிடைப்பதில்லை. அதே வண்டியைப் பாகம் பாகமாகப் பிரித்தால் டேங்குக்கு ஒருவர், பக்கவாட்டுத் தகட்டுக்கு ஒருவர், சைலென்சருக்கு ஒருவர் என்று வந்து, கூட்டிப் பார்க்கையில் மொத்த விலையை விஞ்சிவிடும். இந்தக் கணக்கு சரியானது, மறுக்க இயலாது. இதனால்தான் பல வண்டிகள் பிரிக்கப்பட்டு, எஞ்சிய சேசிஸ் காயலான் கடைத் தராசில் ஏறி முடிந்துவிடுகின்றன. ஒவ்வொரு சேசிஸும் அப்படிப் போகும்போது, 1996-க்குப் பிறகு புதிதாகப் பிறக்காத ஒரு குலத்தில் ஒன்று குறைகிறது. மற்றவர்களைப்போல இந்தக் கணக்கைப் போடத் தெரிந்திருந்தும், சற்றுக் குறைந்த விலைக்கு, முடிக்கக்கூடிய ஒருவனைத் தேடி, வண்டியையும் சாக்கையும் சேர்த்துக் கொடுக்கிறவர்களைத்தான் நான் இக்கட்டுரையின் முதல் வரிகளில் நினைத்துக்கொண்டேன்.

கொட்டகையில் வண்டியை வைத்துக்கொண்டு விற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற அன்பர்களுக்கு என் வேண்டுகோள்: கழற்றியவற்றையெல்லாம் ஒன்றுவிடாமல் சேர்த்துக் கொடுங்கள், எந்த வாசலில் எவ்வளவு அரம் பட்டது, எத்தனையாவது பிஸ்டன் ஓடுகிறது, எது இன்னும் பார்க்கப்படவில்லை என்பதை ஒரு தாளில் உங்கள் கைப்பட எழுதிக் கொடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வழக்கத்தை விட்டு, 29, 30 ஆகிய இரண்டு படிவங்களையும் நிரப்பியே கொடுங்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்ற வண்டிக்கு, விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும்.